ஆய்வகத்திலிருந்து லினக்ஸை அழிக்காதீர்கள்: ஒரு பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

காட்பாடி வட்டாரத்தில் இயங்கும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியின் செயலர், தலைமையாசிரியர், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

உங்கள் கணினி ஆய்வகத்தில் உள்ள 20 கணினிகளிலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை அழித்துவிட்டு விண்டோஸ் போடுவது, போட முடியாதவற்றைப் பழைய சாமான் கடைக்கு எடைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். கோடை விடுமுறையில் வேலையை முடிக்கக் கொட்டேஷனும் வாங்கிவிட்டீர்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை. பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வேறு பள்ளிகளும் இதே யோசனையில் இருக்கக்கூடும், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் மடலைத் திறந்தே வைக்கிறோம்.

முடிவுக்கு நீங்கள் சொன்ன காரணங்கள் எங்களுக்குத் தெரியும். கணினிகள் மெதுவாக ஓடுகின்றன. அரசுத் தளங்கள் திறப்பதில்லை. கரண்ட் போய் வந்தால் சில பெட்டிகள் எழுவதில்லை. தமிழ் அடிக்க வரவில்லை. சுற்றறிக்கையைத் திறந்தால் கிறுக்கலாகத் தெரிகிறது. பிரிண்டர் எடுக்கவில்லை. இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆசிரியர்கள் பட்ட அவதி உண்மையானது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை விண்டோஸ் போட்ட பிறகும் அங்கேயே இருக்கும்.

தளங்கள் திறக்காததை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தக் கணினிகளில் இருப்பது லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் 16.04 பதிப்பு. பெயரிலேயே தேதி இருக்கிறது: 2016 ஏப்ரல். ஐந்தாண்டு ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்தது. அதன் பிறகு யாரும் அதை மேம்படுத்தவில்லை. அத்தனை பழைய ஃபயர்பாக்ஸ் உலாவியை வைத்துக்கொண்டு இன்றைய தளங்களைத் திறந்தால் பாதிப் பக்கம் வெள்ளையாகத்தான் நிற்கும். மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளமாகட்டும், உதவித்தொகைத் தளமாகட்டும், இவையெல்லாம் உலாவியில் ஓடுபவை. உலாவி புதிதாக இருந்தால் அடியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பது அவற்றுக்குப் பொருட்டில்லை. விண்டோஸை ஐந்தாண்டு இப்படித் தொடாமல் விட்டிருந்தாலும் இதே நிலைதான் வந்திருக்கும்.

இங்கே தேவைப்படுவது புதிய பதிப்பு. உபுண்டு 24.04, அதை அடியாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 22 இரண்டுக்கும் 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உங்கள் பெட்டிகள் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். இந்த அளவுக்கு மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்புதான் பொருத்தம். உபுண்டுவின் வழக்கமான க்னோம் திரையை 4 ஜிபியில் போட்டால் ஃபயர்பாக்ஸில் நாலு தாவல் திறந்ததுமே வன்தட்டு கரகரவென்று ஓடத் தொடங்கிவிடும். உபுண்டுவில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற, தனக்கு வேண்டியதை எல்லாம் உள்ளேயே சுமக்கும் தொகுப்பாக வருவதால் பழைய வன்தட்டில் முதல்முறை திறக்கவே நேரமெடுக்கும். மின்டில் அந்தச் சிக்கல் இல்லை.

இதே பெட்டிகளில் விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. ஆகவே கொட்டேஷனில் 'விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்று எழுதியிருப்பது, ஆதரவு முடிந்த ஒன்றை எடுத்துவிட்டு ஆதரவு முடிந்த இன்னொன்றைப் போடும் வேலை.

மெதுவாக ஓடுவதற்குப் பெரிய காரணம் சுழலும் வன்தட்டு. அதைக் கழற்றிவிட்டு 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத தட்டு) போட்டால் கணினி எழும் வேகத்தில் வரும் மாற்றத்தை எந்த ஆசிரியரும் கடிகாரம் பார்க்காமலே உணர்வார். கையில் காசு மிச்சமிருந்தால் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராம். இரண்டும் சேர்ந்தாலும் புதுக் கணினி விலையில் சிறு பங்குதான் ஆகும். அடுத்தது தூசி. நம் ஊர் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அறையில், விசிறி இறக்கைகளில் பஞ்சுபோல் தூசி அடைத்த செயலி சூட்டைத் தாங்க முடியாமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து தூசியை ஊதி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைக்க வேண்டும். லினக்ஸில் 'சென்சார்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் வெப்பநிலையை அப்படியே காட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் பார்த்து ஒப்பிடுங்கள்.

கரண்ட் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'லினக்ஸ் போய்விட்டது' என்று உங்கள் அலுவலகம் ஒதுக்கிவைத்த பெட்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் வன்தட்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பு ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டே எழுதுவதால் அநேகமாக அடுத்த முறை தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடும். சில நேரம் தானாகத் திருத்தத் துணியாமல், கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காட்டிவிட்டு நிற்கும். பார்ப்பவருக்குக் கணினி செத்துவிட்டதாகத் தோன்றும். செத்திருக்காது. வன்தட்டின் எந்தப் பகிர்வில் (பகுதியில்) பிழை என்று அதே திரையில் இரண்டு வரி மேலே எழுதியிருக்கும். தட்டைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே (fsck) கட்டளையுடன் அந்தப் பகிர்வின் பெயரைக் கொடுத்து, கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் 'ஒய்' அழுத்தி, பிறகு 'ரீபூட்' கொடுத்தால் எழுந்துவிடும். ஆய்வகத்தில் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய ஆள் இருக்காது என்றால், கணினியை எழுப்பும் க்ரப் நிரலின் அமைப்புக் கோப்பில் கெர்னல் (லினக்ஸின் மையநிரல்) வரியில் எஃப்எஸ்சிகே தானாகத் திருத்தும்படி ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து, க்ரப்பைப் புதுப்பித்தால் போதும். அதன் பிறகும் ஒரே பெட்டி திரும்பத் திரும்ப அங்கே நின்றால் பெரும்பாலும் வன்தட்டு தேய்கிறது என்று பொருள். 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் (தட்டின் உடல்நிலை) விவரத்தைத் திறந்து, கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை வாராவாரம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் அந்தத் தட்டில் எந்த இயங்குதளம் போட்டும் பயனில்லை.

'பூட் ஆகும் சாதனம் இல்லை' என்று வரும் பெட்டிகளுக்குக் காரணம் வேறு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், மெயின் சுவிட்சை அணைத்த மறுநிமிடமே பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்புகள் அழிந்து பழைய இயல்புநிலைக்குப் போய்விடும். எழும் முறை லெகசியில் இருந்து யூஇஎஃப்ஐக்கு மாறலாம், வன்தட்டைப் படிக்கும் முறை ஏஹெச்சிஐயில் இருந்து ரெய்டுக்கு மாறலாம். தட்டில் இயங்குதளம் பத்திரமாக இருந்தும் கணினிக்கு அது கண்ணில் படாது. எளிதில் கிடைக்கும் அந்தப் பேட்டரியை மாற்றி, பயாஸில் இரண்டு அமைப்பையும் பழையபடி வைத்தால் போதும். இதைச் செய்யாமல் விண்டோஸ் போட்டாலும் அடுத்த மின்தடையில் அதே வாசகம் வரும்.

மேம்படுத்தல் நடக்கும்போது கரண்ட் போனால் தொகுப்புகள் பாதியில் நிற்கும். அதன் பிறகு எதை நிறுவப் போனாலும் பிழை சொல்லும். தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி (dpkg) கட்டளையில் நிலுவையில் உள்ள அனைத்தையும் அமைக்கச் சொல்லி, பிறகு ஆப்ட் (apt) கட்டளையிடம் அறுபட்ட சார்புகளைச் சரிசெய்யச் சொன்னால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்னொன்று: 'லாக் (பூட்டு) கிடைக்கவில்லை' என்று வந்தால், பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் பொறுத்தால் போதும். அந்த லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் யோசனைகளை நம்பாதீர்கள். கணினி கெட்டுப்போகும் வழி அதுதான்.

இருபது பெட்டிகளும் ஒரே இணைப்பில் தனித்தனியாக மேம்படுத்தலை இறக்கினால் பள்ளியின் இணையம் அன்று முழுக்கப் படுத்துவிடும். ஆசிரியர்கள் மேம்படுத்தலை நிறுத்திவைத்ததற்குக் காரணமும் அதுவே என்று அறிகிறோம். ஒரு கணினியில் ஆப்ட்-கேஷர்-என்ஜி என்ற சிறு சேவையை நிறுவி, மற்றப் பத்தொன்பதையும் அதன் 3142-ஆம் போர்ட்டைப் பார்க்கும்படி அமைத்தால், ஒவ்வொரு தொகுப்பும் வெளியிலிருந்து ஒரே முறைதான் இறங்கும். மீதிப் பெட்டிகள் உள் வலையிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

இனி தமிழ். மற்றதை எல்லாம்விட இந்தக் குற்றச்சாட்டுதான் எங்களை மிகவும் வருத்தியது, ஏனென்றால் தமிழ் அடிப்பதற்கு லினக்ஸில் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்றுமில்லை.

உங்கள் ஆய்வகத்தில் விசைப்பலகை அமைப்புப் பட்டியலில் இருந்து தமிழ்99-ஐ நேரடியாகச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே இருப்பது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற எளிய வரைபடம். தமிழ்99 தெரிந்தவர் 'க' விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும் என்று எதிர்பார்ப்பார், அது நடக்காது. அதனால்தான் 'தமிழ் சரியாக வரவில்லை' என்ற பெயர். ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்ற தமிழ் உள்ளீட்டுத் தொகுப்பை நிறுவி, மின்டின் 'உள்ளீட்டு முறை' அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவறவிடுபவர்கள் அதிகம். உள்நுழையாமல் எத்தனை முறை அமைத்தாலும் தமிழ் வராது. அதன் பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு என்று பல முறைகள் இருக்கும். 'டைப்ரைட்டர்' முறையைக் குறிப்பாகச் சொல்கிறோம்: தட்டச்சுப் பள்ளியில் தமிழ் லோயர், ஹையர் முடித்துவிட்டு வந்த உங்கள் அலுவலக உதவியாளர் புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. விரல் பழகிய இடத்திலேயே எழுத்து இருக்கும்.

சுற்றறிக்கை கிறுக்கலாகத் தெரிவது எழுத்துருவால் வருவது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், விண்டோஸ் உட்பட, கிறுக்கல்தான் தெரியும். பள்ளியிடம் உரிமத்துடன் இருக்கும் எழுத்துருக் கோப்பைப் பயனரின் எழுத்துரு அடைவில் போட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்தால் அதே சுற்றறிக்கை லினக்ஸிலும் ஒழுங்காகத் தெரியும். ஆனால் நிலையான வழி, பள்ளியின் கோப்புகளை, எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிவிடுவது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. உங்கள் வினாத்தாள்கள் இன்னும் பழைய குறியாக்கத்தில் கிடந்தால், நாளை தேடவும் முடியாது, மாணவரின் கைப்பேசியில் படிக்கவும் முடியாது.

லிப்ரே ஆஃபிஸில் தமிழ் எழுத்தின் அளவு மாறுவதில்லை என்றும் ஒரு ஆசிரியர் சொன்னதாக அறிந்தோம். அதற்கும் காரணம் உண்டு. பத்திப் பாணியில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் போன்ற சிக்கலான எழுத்துகளுக்கு வேறொரு எழுத்துரு என்று இரண்டு இடம் இருக்கிறது. மேலே இருப்பதை மட்டும் 14 ஆக்கினால் தமிழ் 12-லேயே நிற்கும். கருவிகள் பட்டியலில் விருப்பங்களைத் திறந்து, மொழிப் பகுதியில் சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவை இயக்கி, மொழியாகத் தமிழைத் தேர்ந்துவிட்டு, பாணியில் இரண்டாவது இடத்தையும் மாற்ற வேண்டும். வேர்டில் அடித்த ஆங்கிலக் கோப்பு பக்கம் மாறித் தெரிந்தால் கார்லிட்டோ, கலாடியா என்ற இரண்டு எழுத்துருக்களை நிறுவுங்கள். கலிப்ரி, கேம்ப்ரியா இரண்டின் அகலத்துக்குச் சரியாக அளந்து செய்தவை அவை, வரிகள் உடையாது. வெளியே அச்சுக்குக் கொடுக்கும்போது எப்போதும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

லினக்ஸால் முடியாததையும் சொல்லிவிடுகிறோம். டாலி என்ற கணக்கு மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக ஓட்டிப் பள்ளிக் கணக்கை அதில் நம்பி வைக்க யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். டிஜிட்டல் கையொப்ப யூஎஸ்பி டோக்கன்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் இயக்கி (டிரைவர்) உண்டு என்றாலும், கையொப்பமிடும் தளத்துக்கேற்பத் தகராறு வரலாம். பிரிண்டரும் மாதிரியைப் பொறுத்தது. ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு ஹெச்பிலிப் என்ற ஹெச்பியின் இயக்கித் தொகுப்புடன் தனியாக ஒரு பிளக்இன் (துணை நிரல்) இறக்க வேண்டும். ஹெச்பிலிப் பதிப்பு உயர்ந்தால் பிளக்இன்னையும் மறுபடி இறக்க வேண்டும். அதைச் செய்யாததால்தான் ஒரு மேம்படுத்தலுக்குப் பின் அச்சு நின்றுபோகும். அலுவலகத்தில் ஒரு கணினிக்கு உரிமம் வாங்கிய விண்டோஸ் இருக்கட்டும். கணக்கும் கையொப்பமும் அங்கே நடக்கட்டும். அதை ஒரு காரணமாக்கி மாணவர்களின் இருபது கணினிகளை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது அந்தக் கொட்டேஷன். இருபது கணினிகளுக்கும் 'ஓஎஸ், ஆஃபிஸ், ஆன்டிவைரஸ்' என்று ஒரே வரி. பெட்டி ஒன்றுக்குச் சில நூறு ரூபாய். உரிம விலைக்கு இடமே இல்லை. உரிமச் சான்று எண்ணும் இல்லை. இந்த விலைக்கு வருவது கிராக் செய்த விண்டோஸ்தான் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உரிமம் மீறிய மென்பொருள் பிரதியைத் தெரிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம்: ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். பிள்ளைகளுக்குக் காப்பி அடிக்காதே என்று சொல்லிக்கொடுக்கும் இடத்தில், திருட்டுப் பிரதியில் பாடம் நடத்தலாமா?

சட்டத்தை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். கிராக் விண்டோஸைச் செயல்படவைக்கும் ஆக்டிவேட்டர் நிரல்களை ஓட்டும்போது முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். எங்கிருந்தோ வந்த நிரலுக்கு நிர்வாகி அதிகாரத்தையும் கொடுத்து, காவலையும் நீக்கிவிடுகிறோம். அந்தக் கணினியில்தான் மாணவர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று விவரங்களைப் பதிவேற்றுகிறீர்கள். லத்தேரியிலிருந்தும் திருவலத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் ப்ராஜெக்ட் அச்செடுக்க ஜெராக்ஸ் கடைகளில் பென்டிரைவைக் குத்திவிட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுவருவார்கள். ஷார்ட்கட் வைரஸ் ஏறிய பென்டிரைவில் அசல் அடைவுகள் மறைக்கப்பட்டு, அவற்றின் பெயரில் போலி ஷார்ட்கட்டுகள் நிற்கும். விண்டோஸில் பிள்ளை அதைச் சொடுக்கியதும் தொற்று ஆரம்பம். லினக்ஸில் அந்தப் போலிக் கோப்பு ஓடாது. மறைத்துவைத்த அடைவும் கண்ணெதிரே தெரியும். போலியை அழித்துவிட்டுப் பிள்ளை தன் ப்ராஜெக்டை எடுத்துக்கொள்ளலாம். இருபது பெட்டிகளில் இன்று இருக்கும் இந்தப் பாதுகாப்பைக் காசு கொடுத்து நீக்கப் போகிறீர்கள்.

'பாடத்திட்டத்துக்கு விண்டோஸ்தான் வேண்டும்' என்று குழுவில் யாரோ சொன்னார்களாம். பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலைத் திறந்து பாருங்கள். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவும் பாடமாக இருக்கிறது. கணினிப் பயன்பாடுகள் நூல் ஓபன் ஆஃபிஸின் ரைட்டரையும் கால்க்கையும் இம்ப்ரெஸையும் வைத்து எழுதப்பட்டது. லிப்ரே ஆஃபிஸ் அதன் வழிவந்தது. பதினோராம் வகுப்பின் சி++, பன்னிரண்டின் பைத்தான் இரண்டும் லினக்ஸில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். லினக்ஸ் நிறுவும்போதே பைத்தானும் வந்துவிடும். பக்கத்துக் கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை அடியாகக் கொண்டு ஒரு இயங்குதளம் தயாரித்துக் கொடுக்கிறது. இங்கிருந்து பொறியியலுக்கும் கலைக்கல்லூரிக் கணினித் துறைக்கும் போகும் உங்கள் மாணவர்கள், சர்வர் என்று எதைத் தொட்டாலும் பெரும்பாலும் லினக்ஸைத்தான் தொடுவார்கள். பார்வைக் குறையுள்ள மாணவர் ஒருவர் சேர்ந்தால், ஓர்கா திரைவாசிப்பானும் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலும் செலவில்லாமல் கிடைக்கின்றன.

எங்கள் கோரிக்கைகள் இவை.

கடைக்காரருக்கு வேலை ஆணை கொடுப்பதை நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ஒரு தட்டையும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள். மாணவர்களின் ரெக்கார்டு வேலைகளும் ஆசிரியர்களின் வினாத்தாள்களும் அவற்றில் இருக்கின்றன. முதலில் அவற்றை வெளித்தட்டில் நகலெடுங்கள்.

ஐந்து பெட்டிகளை எங்களிடம் விடுங்கள். தூசி எடுத்து, பட்டன் பேட்டரி மாற்றி, எஸ்எஸ்டி போட்டு, மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇயும் எம்17என்-னும் நிறுவி, மாணவர் கணக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாமல் அமைத்துத் தருகிறோம். உழைப்புக்குக் காசு வேண்டாம், உதிரிபாகத்தைப் பள்ளி வாங்கினால் போதும். காலாண்டுத் தேர்வு வரை ஆசிரியர்கள் பயன்படுத்திப் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்லட்டும். சரியாக இருந்தால் அதில் ஒன்றின் தட்டைக் க்ளோன்சில்லா என்ற நிரலில் படியெடுத்து மீதிப் பதினைந்துக்கும் அப்படியே ஏற்றிவிடலாம். எட்டு ஜிபி பென்டிரைவும் ஒரு வெளித்தட்டும் இருந்தால் வார இறுதியில் முடிகிற வேலை. சரியில்லை என்று ஆசிரியர்கள் சொன்னால், உரிமம் வாங்கிய விண்டோஸைப் பற்றி அப்போது பேசுங்கள். நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம்.

ஆய்வகத்துக்கு ஒரு பொறுப்பாசிரியரையும், பதினோராம் வகுப்பிலிருந்து இரண்டு மாணவர்களையும் நியமியுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளை மேம்படுத்தலுக்கும் பராமரிப்புக்கும் என்று கால அட்டவணையில் எழுத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, என்ன பிழை வந்தது, திரையில் என்ன வாசகம் இருந்தது, எப்படிச் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 16.04 இத்தனை ஆண்டு தொடப்படாமல் கிடந்ததற்கு இந்த ஏற்பாடு இல்லாததுதான் காரணம்.

இரண்டு பெட்டிக்கு ஒரு 600 விஏ யூபிஎஸ்ஸாவது வாங்குங்கள். முறையாக அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும். இனி பிரிண்டர் வாங்கும்போது லினக்ஸில் இயக்கி இல்லாமலே அச்செடுக்கும் மாதிரிதானா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கணினியையும் எடைக்குப் போடாதீர்கள். உண்மையிலேயே தேறாத பெட்டி என்றால், தட்டை முழுதாக அழித்துவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ரசீது பெற்று ஒப்படையுங்கள்.

கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால், ஒதுக்கிவைத்த பெட்டிகளில் ஒன்றை அங்கேயே மேசைமேல் வைத்துத் திறந்து, மேலே சொன்னதை எல்லாம் உங்கள் கண்முன் செய்துகாட்டுகிறோம்.

இப்படிக்கு,
காட்பாடி, வேலூர் வட்டார லினக்ஸ் பயனர்கள்